உத்தரவுக்குப் பிறகு நீதிபதியின் வேலை



நீதித்துறையும் குழந்தை நலனும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அகலமான தலைப்பு. ஒரு மணி நேரத்தில் அடங்காது என்பதால் நான் அதைக் குறுக்கிக்கொண்டேன். சிறார் வழக்குகளைக் கேட்கிற ஒரு நீதிபதி எதனால் குழந்தை நலத்தில் வழிகாட்டியாக உயர்கிறார் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நல்ல தீர்ப்பு எழுதினால் போதும் என்று நான் நினைக்கவில்லை. தன் கையெழுத்தின் பேரில் ஒரு பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தது, அங்கே என்ன சாப்பிடுகிறது, யார் பக்கத்தில் படுக்கிறது என்று அவர் போய்ப் பார்த்தாரா என்பதே என் அளவுகோல். அதற்கும் முன்னால், அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கத்தான் வேண்டுமா என்று அவர் நிதானித்தாரா என்பது.

இதைத் தேனியில் நின்று சொல்லத் தனிக் காரணம் இருக்கிறது. அது 1920ஆம் ஆண்டோடு சேர்ந்தது.

அந்த ஆண்டில்தான் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் அப்படியொரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நம் மாகாணம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்னால் வந்தன. தவறு செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கக் கூடாது, அவனை விசாரிக்கும் முறையே வேறாக இருக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். அதில் நாம் பெருமைப்படலாம்.

அதே 1920, ஏப்ரல் 3ஆம் தேதி. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி, அதன் பக்கத்தில் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர் சமூக மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் அந்த மண்ணில் விழுந்தார்கள். அந்தச் சட்டம் ஒரு சாதியில் பிறந்த காரணத்துக்காகவே ஒருவனைக் குற்றவாளிப் பதிவேட்டில் ஏற்றியது. ராத்திரியில் ஆண்கள் சாவடியில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் கள்ளர் நாட்டுக் குடும்பங்களுக்கு இது பாட்டன் சொல்லித் தெரிந்த கதை. பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பிரிவும் அந்தச் சட்டத்தில் இருந்தது. பதிவு செய்யப்பட்ட சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கவும் அது இடம் கொடுத்தது. பிள்ளைகள் நல்லபடியாக வளரட்டும் என்ற சாக்கோடுதான்.

ஒரே அரசாங்கம், ஒரே ஆண்டு. ஒரு கையில் குழந்தைக்குத் தனி நீதி, இன்னொரு கையில் தொட்டிலிலேயே குற்றவாளிப் பட்டம். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947இல் போனது. ஆனால் ‘இவன் எந்த ஊர், யார் மகன்’ என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும் பழக்கம் ஒரு சட்டத்தை நீக்கியதோடு போய்விடவில்லை. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது அரசாங்கத்தின் கருணை என்று யாராவது சொன்னால், இந்தப் பள்ளத்தாக்குக்காரன் இரண்டு முறை யோசிப்பான். சிறார் நீதிபதியும் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கருணை என்றதும் அமெரிக்காவிலிருந்து இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உலகத்தின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் சிகாகோவில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் டென்வர் நகரத்து நீதிபதி பென் லிண்ட்சே உலகப் புகழ் பெற்றார். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பையனுக்குக் காவல் போடாமல், உத்தரவையும் பயணச் செலவையும் அவன் கையிலேயே கொடுத்து, ‘நீயே போய்ச் சேர்’ என்று அனுப்புவார். பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள். நம்பப்பட்ட பிள்ளை எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்த நீதிபதி தெரிந்துவைத்திருந்தார்.

ஆனால் நீதிபதி தகப்பனைப் போல நடந்துகொள்ளும் இந்தப் பாணி கெட்டுப்போவதும் எளிது. 1964இல் அரிசோனாவில் ஜெரால்டு கால்ட் என்ற பதினைந்து வயதுப் பையன், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் அசிங்கமாகப் பேசினான் என்று பிடித்தார்கள். புகார் கொடுத்த பெண் விசாரணைக்கு வரவே இல்லை. பையனுக்கு வழக்கறிஞரும் இல்லை. அவனுக்கு நல்லது என்று சொல்லி, இருபத்தொரு வயது வரை அரசுத் தொழிற்பள்ளியில் வைக்க உத்தரவு போட்டார்கள். அதே குற்றத்துக்குப் பெரியவருக்கு அதிகபட்சம் ஐம்பது டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. பையனுக்கோ ஆறு வருடம். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, குழந்தைக்கும் வழக்கறிஞர் வேண்டும், குற்றச்சாட்டு என்ன என்று அவனுக்குச் சொல்ல வேண்டும், சாட்சியை விசாரிக்க விட வேண்டும் என்றது. நீதிபதியின் நல்ல மனசு சட்டத்தின் நடைமுறைக்கு ஈடாகாது. இதை நம் ஊர்ச் சட்டக் கல்லூரி மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று நம்மிடம் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஒரு முதல் வகுப்பு நடுவர் உட்காருவார். அவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண். மூன்று பேரும் சேர்ந்ததுதான் குழுமம். கூடும் இடம் வழக்கமான கோர்ட்டு போல இருக்கக் கூடாது, பிள்ளை மிரளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பிடிபட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு தனியாக இருக்கிறது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு மாதத்தில் இருபது நாளாவது கூட வேண்டும்.

நீதித்துறையின் ஏணியில் கீழ்ப்படியில் இருக்கிற, பெரும்பாலும் முப்பதுகளில் இருக்கிற ஒரு நடுவரிடம் இவ்வளவு பெரிய பொறுப்பைச் சட்டம் ஒப்படைத்திருக்கிறது. அவருக்கு இது பல வேலைகளில் ஒன்று. மற்ற நாட்களில் செக் மோசடி, அடிதடி, வாகன விபத்து என்று கட்டுக்கட்டாக வழக்கு. சிறார் வழக்கு நாள் வந்தால் அவர் மேடையிலிருந்து இறங்கி மேசைக்கு வர வேண்டும். குரலை மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறையாவது பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்களுக்குப் போய் ஆய்வு செய்ய வேண்டும் என்று இதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர்களின் சிறையில் பிள்ளைகள் யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. தீர்ப்பு சொன்ன நீதிபதி தீர்ப்பின் விளைவை நேரில் போய்ப் பார்க்கக் கடமைப்பட்ட இடம் நம் சட்ட உலகத்தில் அரிது.

நான் சில காலம் அப்படிப்பட்ட ஒரு குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினராக இருந்தேன். ஒரு வழக்கைச் சொல்கிறேன். பிள்ளையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்பது சட்டம். அதனால் ஊரையும் விவரத்தையும் மாற்றியிருக்கிறேன்.

பதினாறு வயதுப் பையன். திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் வயரை அறுத்து, செம்பை உருக்கி எடைக்குப் போட்ட பெரிய பையன்களோடு சேர்ந்து பிடிபட்டவன். அவனுக்குக் கிடைத்தது இருநூறு ரூபாய். சமூகப் பின்னணி அறிக்கை வந்தது. ‘பெற்றோர் கவனிப்பு இல்லை. வீடு பூட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் நல்ல அபிப்பிராயம் இல்லை’ என்று மூன்று வரி. இந்த மூன்று வரியை வைத்துப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பிவிடலாம். கூர்நோக்கு இல்லம் எல்லா மாவட்டத்திலும் கிடையாது. போனால் வெளியூர்தான்.

முதன்மை நடுவராக இருந்த அம்மையார் அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு, “எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க?” என்று கேட்டார்.

“பதினோரு மணிக்கும்மா.”

“இவங்க அம்மா எங்க வேலைக்குப் போறாங்க?”

அதற்குப் பதில் அறிக்கையில் இல்லை. பையன்தான் சொன்னான். “மலைக்குப் போகுதும்மா. ஏலத்தோட்டத்துக்கு. அஞ்சு மணிக்கு ஜீப்பு.”

கம்பம், கூடலூர், போடி பக்கம் இருக்கிறவர்களுக்கு இது தினசரிக் காட்சி. விடியுமுன்னே தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புக்கு நிற்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்கு ஏறுவார்கள். அட்டைக் கடியோடு நாளெல்லாம் குனிந்து சரத்திலிருந்து காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்துதான் இறங்குவார்கள். நம் ஊர் ஏலக்காய் வணிகத்தின் அடியில் இருப்பது இந்தப் பெண்களின் முதுகு. அவர்கள் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அம்மாச்சியோ அப்பத்தாவோதான். பதினோரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டுக் கவனிப்பு இல்லை என்று எழுதினால், அந்தத் தாய் உழைப்பதையே அவள்மீது குற்றமாக எழுதிவிடுகிறோம்.

நடுவர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். ராத்திரி ஏழு மணிக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு எழுதச் சொன்னார். இரண்டாவது அறிக்கை நான்கு பக்கம் வந்தது. அம்மாச்சிக்கு இழுப்பு. காலையில் உலை வைத்துத் தங்கச்சியைப் பள்ளிக்கு அனுப்புவது இந்தப் பையன். அதனால் பத்தாம் வகுப்பில் பாதி நாள் போகவில்லை. போகாத பிள்ளைக்குச் சேக்காளி கிடைத்தார்கள். அப்பா தோட்டத்திலேயே தங்கி மாதம் ஒருமுறை வருகிறவர்.

பையனுக்கு அறிவுரை சொல்லி, நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கே அனுப்பினோம். அதோடு நிற்காமல், தலைமை ஆசிரியரிடம் பேசி அவனைத் திரும்பச் சேர்க்கும் வேலையை நடுவர் என்னிடம் கொடுத்தார். குடும்பத்தோடு வளரும் ஏழைப் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு தர வழி இருக்கிறது. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு விண்ணப்பம் வாங்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த வாய்தா எந்த நாள் தோது என்று அந்த அம்மாவிடமே கேட்டுப் போட்டார். ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும், அடுத்த நாள் ஜீப்பில் இடமும் சந்தேகம். அந்த ஒரு கேள்வியை நான் அதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் கேட்டதில்லை.

இந்த நடுவர் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வந்ததில்லை. இடமாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். குழந்தை நலத்தில் தலைமை என்றால் எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வரும். ஆனால் அவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஒருவராகத் தனித்து நின்றால் போதாது. மேலிருந்து தாங்குகிற கைகள் வேண்டும். அதற்கு இரண்டு நீதிபதிகளின் பணியைச் சொல்கிறேன்.

ஒருவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த மதன் பி. லோக்கூர். 2013இல் உச்ச நீதிமன்றம் இளைஞர் நீதிக்கென ஒரு குழுவை அமைத்தபோது அதை அவர் தலைமை தாங்கி நடத்தினார். தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய ஒரு கட்டுரையை 2007இல் உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்காக எடுத்திருந்தது. பத்து ஆண்டு கழித்து 2017 மே மாதம் அதில் அவரும் நீதிபதி தீபக் குப்தாவும் தீர்ப்பு சொன்னார்கள். எல்லா இல்லங்களையும் பதிவு செய், ஆய்வு செய் என்றதோடு, இல்லத்தில் வைப்பதே ஒரே வழி என்று நினைக்காதே, குடும்பத்தோடும் வளர்ப்புக் குடும்பத்தோடும் சேர்த்து வைக்கும் வழிகளைப் பார் என்று அந்தத் தீர்ப்பு வற்புறுத்தியது. சம்பூர்ணா பெஹுரா என்ற சமூகப் பணியாளர் 2005இல் தொடுத்த வழக்கில் 2018 பிப்ரவரியில் இதே அமர்வு தீர்ப்பளித்தது. குழுமங்களிலும் நலக் குழுக்களிலும் காலி இடங்களை நிரப்ப வேண்டும், உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்கெடுத்துச் சட்டத்தின் நடைமுறையைக் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒரு சமூகப் பணியாளரின் மனுவுக்குப் பதில் கிடைக்கப் பதின்மூன்று ஆண்டு ஆனது. மனு போட்டபோது ஐந்து வயதாக இருந்த குழந்தை தீர்ப்பு வந்தபோது குழந்தையே இல்லை. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொருவர் நம் கே. சந்துரு. ஜெய்பீம் படம் வழியாக உங்களுக்குத் தெரியும். கடலூர் மாவட்டத்தில் 1993இல் காவலில் இறந்த ராஜாக்கண்ணுவின் மனைவிக்காக வழக்காடியவர். ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். குற்றப் பரம்பரைச் சட்டம் முத்திரை குத்திய இன்னொரு சமூகம் அது. சட்டம் போய் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் திருட்டு என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று பாருங்கள்.

2013இல் நீதிபதிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவருக்கு, பத்து ஆண்டு கழித்து வேறொரு கடமை வந்தது. 2022 டிசம்பர் 31. செங்கல்பட்டு அரசு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடித்துக் கொண்டுவந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. இல்லத்து ஊழியர்களே அடித்துக் கொன்றதாக வழக்காகி அவர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டு தமிழ்நாடு அரசு சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. அவர் இல்லங்களைப் பார்வையிட்டு, 2023இல் முதலமைச்சரிடம் விரிவான அறிக்கை கொடுத்தார். இந்த இல்லங்களுக்கெனத் தனித் துறை வேண்டும், வயதுவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்பவை அதன் முக்கியமான பரிந்துரைகள். இல்லங்களை நடத்திவந்த சமூகப் பாதுகாப்புத் துறை இன்று குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்ற பெயரில் இயங்குகிறது. பெயர்ப் பலகை மாறியது நல்லது. ராத்திரி பத்து மணிக்கு இல்லத்தில் யார் பணியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி, பிள்ளை அழுதால் யாரிடம் போய்ச் சொல்வான் என்பதும் மாற வேண்டும்.

செங்கல்பட்டில் இறந்த அந்தப் பையன் விஷயத்தில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. சட்டத்தின் 12ஆம் பிரிவு பிள்ளைக்கு ஜாமீன் தருவதை விதியாகவும், மறுப்பதை விலக்காகவும் வைத்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். இல்லத்துக்கு அனுப்பும் உத்தரவைப் பாதுகாப்பான உத்தரவு என்றும், வீட்டுக்கு அனுப்புவதைத் துணிச்சலான உத்தரவு என்றும் நினைக்கிற வழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும்.

நம் மாவட்டத்தில் அதிகம் வரும் இன்னொரு வகை வழக்கையும் சொல்லாமல் விட முடியாது. பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் ஓடிப்போகிறார்கள். பெண் வீட்டார் புகார், பையன்மீது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் வழக்கு. இன்னொரு பக்கம், இது நடந்துவிடுமோ என்ற பயத்திலேயே பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறில் மாப்பிள்ளை பார்ப்பது. தேனியில் குழந்தைத் திருமணம் நிற்காததற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்படிப்பட்ட ஒரு காதல் வழக்கை ரத்து செய்தபோது, வளரிளம் பருவத்தினரின் உறவுகளைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று விளக்கினார். அதற்காக உண்மையான வன்கொடுமையை யாரும் காதல் என்று மூடிவிடக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய, அந்தப் பெண்ணிடம் தனியாக, அவசரப்படாமல் பேசுகிற ஒரு பெண் உறுப்பினர் வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருந்தால் வழக்கு பாதி தோற்றுவிடும்.

எல்லைப் பிரச்சினை ஒன்றும் நமக்கே உரியது. நம் பிள்ளை மேலே தோட்டத்தில் பிடிபட்டாலோ தனியாகத் திரிந்து கண்டெடுக்கப்பட்டாலோ இடுக்கிக் குழுவின் முன் நிற்பான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி அவனைச் சொந்த மாவட்டத்துக்கு மாற்றலாம். மலையாளத்தில் எழுதிய கோப்பு கீழே இறங்கி, தமிழில் விசாரணையாகி, பிள்ளை வீடு சேர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். குமுளிக்கும் கூடலூருக்கும் நடுவில் ஜீப் ஓடுகிற வேகத்தில் கோப்பும் ஓட வேண்டும். இரு மாவட்டத்துக் குழுக்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார்ந்தால் இதில் பெரும்பகுதி தீரும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. தேனி மாவட்ட நீதித்துறையும் ஆட்சியரும் இதைத் தொடங்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக இங்கே இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. குழுமத்தில் சமூகப் பணி உறுப்பினர் ஆக, குழந்தைகளின் உடல்நலம், கல்வி அல்லது நலப் பணியில் ஏழு ஆண்டு ஈடுபட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்துவர வேண்டும். இந்த அரங்கில் தகுதி உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பணியிட அறிவிப்பு வரும்போது யாரோ போடுவார்கள் என்று விட்டுவிடாமல் விண்ணப்பம் போடுங்கள். வழக்கறிஞர்களே, இலவச சட்ட உதவிப் பட்டியலில் சிறார் வழக்குக்கும் உங்கள் பெயரைக் கொடுங்கள். கொடுத்தபின், பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். இருட்டிய பிறகு போங்கள், அம்மா இருப்பார்.